சுதந்திர விருப்பமா, நிர்ணயவாதமா: உளவியலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதைப் பற்றிய தகராறு இது?

ஒருவர் கோபத்தில் கதவை அறைந்து சாத்துகிறார். கேட்டால், "பின்னே என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்பார். அதையே இன்னொருவர் செய்தால், "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று அவரே சொல்வார். தகராறு இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நொடியில் அவர் வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா? முடியும் என்பது சுதந்திர விருப்பத்தின் பக்கம். அவருடைய மரபணு, வளர்ப்பு, பழக்கம், முந்தின இரவின் தூக்கம், மூளையின் அப்போதைய நிலை எல்லாம் அப்படியே இருந்தால் நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும் கதவு அறையப்படும் என்பது நிர்ணயவாதம்.

தத்துவத்துக்கு இது பழைய கேள்வி. உளவியலுக்கு இது அன்றாடத் தலைவலி. ஆய்வுக்கூடத்தில் உளவியலாளரின் வேலை நடத்தைக்குக் காரணம் தேடுவது. அதே ஆள் சிகிச்சை அறைக்குள் போனதும் "நீங்கள் மாற முடியும்" என்று சொல்லியாக வேண்டும்.

நிர்ணயவாதம் என்றால் விதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பாதி விவாதங்கள் இந்த இடத்தில்தான் தடம் புரள்கின்றன. விதி என்பது, நீங்கள் எந்த வழியில் போனாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்கிற நம்பிக்கை. நிர்ணயவாதம் அப்படிச் சொல்வதில்லை. சேரும் இடம் வழியைப் பொறுத்தது, வழியில் நீங்கள் யோசிப்பதும் முயல்வதும் அந்தக் காரணச் சங்கிலியின் கண்ணிகள் என்கிறது.

பழைய கிரேக்கர்கள் இதை ஒரு நோயாளியை வைத்து விவாதித்தார்கள். குணமாவது நிச்சயம் என்றால் வைத்தியர் எதற்கு? சாவது நிச்சயம் என்றாலும் வைத்தியர் எதற்கு? ஸ்டோயிக் தத்துவவாதி கிரைசிப்பஸின் பதில் இன்றைக்கும் செல்லும்: வைத்தியரைக் கூப்பிடுவதும் குணமாவதும் சேர்ந்தே நிர்ணயிக்கப்பட்டவை. "எல்லாம் முன்பே முடிவானது, படித்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாணவருக்கும் இதுதான் பதில். படிக்காமல் தேர்ச்சி பெறுவீர்கள் என்று எந்த நிர்ணயவாதியும் சொல்லவில்லை.

உளவியலில் யார் எந்தப் பக்கம்?

ஃப்ராய்டு தீவிர நிர்ணயவாதி. வாய் தவறி வந்த ஒரு சொல், மறந்துபோன ஒரு பெயர்கூடத் தற்செயல் இல்லை, அடியில் நமக்கே தெரியாமல் இயங்கும் நனவிலி மனம் வேலை செய்கிறது என்று 1901-இலேயே எழுதினார். நடத்தையை மட்டுமே ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னருக்கு நனவிலி மனம் வேண்டாம். சூழல் தரும் வெகுமதியும் தண்டனையும் போதும். சுதந்திரம் என்று நாம் கொண்டாடுவது, காரணம் கண்ணுக்குத் தெரியாத நடத்தையை மட்டும்தான் என்பது அவர் வாதம். காரணம் தெரியத் தெரியப் பாராட்டும் பழியும் குறையும் என்று 1971-இல் ஒரு புத்தகமே போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்தில், மனிதனின் தேர்வுக்கும் வளர்ச்சிக்கும் முதலிடம் தரும் மனிதநேய உளவியலாளர்கள், முக்கியமாகக் கார்ல் ரோஜர்ஸ். 1956-இல் அவரும் ஸ்கின்னரும் நேருக்கு நேர் மோதிய விவாதம் 'சயின்ஸ்' இதழில் அச்சானது. மனித நடத்தையைக் கட்டுப்படுத்தும் அறிவியல் வந்துவிட்டால், எந்த நோக்கத்துக்காகக் கட்டுப்படுத்துவது என்பதை யார் தேர்ந்தெடுப்பார்கள், அந்தத் தேர்வு எங்கிருந்து வரும் என்று ரோஜர்ஸ் கேட்டார். அதற்கு இன்றுவரை நேரான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1978-இல் வேறு வழி சொன்னார். சூழல் மனிதனை மாற்றுகிறது, மனிதன் சூழலை மாற்றுகிறான், நடத்தை இரண்டையும் மாற்றுகிறது. அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும் போவதில்லை. காரணங்களை மறுக்காமலே மனிதனுக்கும் ஒரு வேலை கொடுத்த இந்த ஏற்பாட்டைத்தான் இன்று பல உளவியலாளர்கள், பெயர் சொல்லாமல், பின்பற்றுகிறார்கள்.

'மென்மையான நிர்ணயவாதம்' என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே?

செயல்களுக்குக் காரணம் உண்டு. ஆனால் காரணம் வெளியிலிருந்து வந்த கட்டாயமாக இல்லாமல் உங்கள் சொந்த விருப்பமாகவும் யோசனையாகவும் இருந்தால், அதைச் சுதந்திரம் என்று சொல்வதில் தவறில்லை. இதுதான் அந்த நிலைப்பாடு. இதில் ஒரு வேடிக்கை: இந்தப் பெயரை 1884-இல் வைத்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், அதைத் திட்டுவதற்காகத்தான் வைத்தார். நழுவல் பேச்சு என்பது அவர் கருத்து. பெயர் ஒட்டிக்கொண்டது, வசவு உதிர்ந்துவிட்டது.

ஜேம்ஸுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. கடும் மனச்சோர்வில் கிடந்த 1870-இல், தன்னுடைய முதல் சுதந்திரச் செயலே சுதந்திர விருப்பத்தை நம்புவதாக இருக்கட்டும் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டவர் அவர்.

லிபெட் சோதனை சுதந்திர விருப்பம் இல்லை என்று நிரூபித்துவிட்டதா?

இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று பார்க்க, சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்டது இது. தலையில் மின்முனைகள் ஒட்டியபடி நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எதிரே ஒரு கடிகார முகப்பு. அதில் முள்ளுக்குப் பதில் ஒரு ஒளிப்புள்ளி 2.56 நொடிக்கு ஒரு சுற்று ஓடுகிறது. எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். "அசைக்கலாம்" என்ற உந்துதல் முதலில் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முடிவு: உந்துதல் தோன்றியதாக ஆட்கள் சொன்ன நேரம், அசைவுக்குச் சுமார் 200 மில்லிநொடி முன்பு. ஆனால் மண்டையோட்டின் மேல் பதிவான 'ஆயத்த மின்னழுத்தம்', அதாவது அசைவுக்கு முன் மூளையில் மெல்ல எழும் மின் அலை, சுமார் 550 மில்லிநொடி முன்பே எழத் தொடங்கியிருந்தது. (இந்த அலையை 1960-களிலேயே ஜெர்மனியில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் கண்டுபிடித்திருந்தார்கள்.) அப்படியானால் மூளை முடிவெடுத்து மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் நமக்குச் செய்தி வருகிறதா? உலகமே அப்படித்தான் படித்தது. லிபெட் மட்டும் அந்த அளவுக்குப் போகவில்லை. கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று தடுக்கும் அதிகாரம் நனவுக்கு இருக்கிறது என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார்.

அதில் என்னதான் ஓட்டை?

அந்த அலை ஒரே ஒரு அசைவைப் பதிவு செய்தால் கண்ணுக்குத் தெரியாது. பல அசைவுகளின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அசைவு நடந்த புள்ளியில் நிறுத்தி, பின்னோக்கிப் பார்த்துச் சராசரி எடுத்தால்தான் தெரியும். 2012-இல் ஆரோன் ஷூர்கரும் சகாக்களும் பிடித்தது இந்த நூலைத்தான்.

மூளையின் மின்செயல்பாடு சும்மா இருக்கும்போதும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். "எப்போது வேண்டுமானாலும் அசை" என்று சொல்லிவிட்டால், இப்போது அசைக்க ஒரு காரணமும் இல்லை, அடுத்த நொடி அசைக்கவும் காரணம் இல்லை. அந்த நிலையில் இரைச்சல் தற்செயலாக மேலேறி ஒரு வரம்பைத் தொடும் நேரத்தில் கை அசைந்துவிடும். வரம்பைத் தொட்ட தருணங்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பின்னோக்கிச் சராசரி பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய ஏற்றம் தெரியாமல் என்ன செய்யும்? அந்த ஏற்றம் முடிவு இல்லை. முடிவு என்று ஒன்று இருந்தால் அது வரம்பைத் தாண்டும் இடத்தில், ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வெகு அருகில் இருக்கிறது.

இதோடு 2019-இல் வந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உரி மவோஸ் குழுவினர், எந்தத் தொண்டு அமைப்புக்கு உண்மையில் பணம் போகும் என்பதை ஆட்களிடமே தேர்ந்தெடுக்க விட்டார்கள். எதை அழுத்தினாலும் ஒன்றுதான் என்ற சுற்றுகளில் ஆயத்த மின்னழுத்தம் வழக்கம்போல் வந்தது. தேர்வுக்கு விளைவு உண்டு என்ற சுற்றுகளில் அது கிட்டத்தட்டக் காணவில்லை. ஆக, காரணமே இல்லாமல் மணிக்கட்டை ஆட்டுவதைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பை வைத்து, வேலையை விடுவதா, கல்யாணம் செய்துகொள்வதா என்பதைப் பற்றி நாற்பது வருடம் பேசியிருக்கிறோம்.

நம் முடிவை மூளையைப் பார்த்தே ஏழு நொடி முன்பே சொல்லிவிடுகிறார்களாமே?

2008-இல் ஜான்-டிலன் ஹெய்ன்ஸ் குழு, மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் செய்த ஆய்வைச் சொல்கிறீர்கள். இடது பொத்தானா, வலது பொத்தானா என்பதைச் சில நொடிகள் முன்பே மூளைப் படத்திலிருந்து கணித்தார்கள், உண்மைதான். கணிப்பின் துல்லியம் சுமார் 60 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும். ஒரு பக்கச் சாய்வு முன்கூட்டியே இருந்தது என்று இதைப் படிக்கலாம். முடிவு எடுத்தாயிற்று என்று படிக்க முடியாது.

குவாண்டம் இயற்பியல் நம்மைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. ஒரு அணு எப்படி நடந்துகொள்ளும் என்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். தற்செயலாக என் கை ஆடினால் அது என் செயல் ஆகிவிடுமா?

சரி, இந்த ஆராய்ச்சிகளில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது எது?

என்னைக் கேட்டால் லிபெட் இல்லை. 'நான் இதை ஏன் செய்தேன்' என்பதற்கு நாம் கொடுக்கும் பதில்களைப் பற்றிய ஆய்வுகள்தான்.

உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகள் வரிசையாக வைக்கப்பட்டன. எது தரமானது என்று கேட்டால், வலது கோடியில் இருந்ததை இடது கோடியில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது ஒருவர்கூட வைக்கப்பட்ட இடத்தைச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேரடியாகக் கேட்டபோது, கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

2005-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யோஹான்சனும் ஹாலும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு முகப் படங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். பிறகு மேஜை வித்தைக்காரரைப் போலக் கைமாற்றி, வேண்டாம் என்று ஒதுக்கிய படத்தை நீட்டி, "இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்பார்கள். பெரும்பாலான முறை ஆட்கள் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. அது மட்டுமா, கையிலிருந்த படத்துக்குக் காரணமும் சொன்னார்கள். ஒருவர் காதணி பிடித்ததால் எடுத்தேன் என்றார். அவர் உண்மையில் தேர்ந்தெடுத்த முகத்தில் காதணியே கிடையாது.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட ஒரு நோயாளியிடம் நரம்பியலாளர் கஸானிகா கண்டதும் இதே கதைதான். பேசும் இடது பாதிக்குக் கோழிக்கால் படம், பேசாத வலது பாதிக்குப் பனி மூடிய வீட்டின் படம். பொருத்தமான படத்தைக் காட்டச் சொன்னபோது, வலது பாதி இயக்கும் இடது கை, பனி அள்ளும் மண்வெட்டியைச் சுட்டியது. ஏன் என்று கேட்டதும், பனியைப் பார்த்தே இராத இடது பாதி கொஞ்சமும் தயங்காமல், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வெட்டி வேண்டுமே என்றது.

இவை சுதந்திரம் இல்லை என்று காட்டவில்லை. நம் செயலுக்கு நாமே சொல்லும் சாட்சியம் நம்பத்தகுந்ததல்ல என்று காட்டுகின்றன. "நான் யோசித்துத்தான் செய்தேன்" என்ற உணர்வு, உண்மையிலேயே யோசித்தபோதும் வரும், யோசிக்காதபோதும் வரும்.

மூளைதான் காரணம் என்றால் குற்றவாளியைத் தண்டிக்கலாமா?

பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில டோபமைன் வகை மருந்துகள், வாழ்க்கையில் சூதாட்டம் பக்கமே போகாத சிலரைச் சூதாடிகளாக மாற்றுகின்றன. மருந்தைக் குறைத்தால் அல்லது நிறுத்தினால் பெரும்பாலும் அந்த வெறி அடங்கிவிடுகிறது. சொத்தைத் தொலைத்தவர் அவர்தான், கையெழுத்து போட்டவரும் அவர்தான். ஆனாலும் அவரைக் குற்றம் சொல்ல நம் நாக்கு எழுவதில்லை.

சுதந்திர விருப்பமே கிடையாது என்று வாதிடுகிற நரம்பியலாளர் ராபர்ட் சபோல்ஸ்கி இங்கே கேட்பார்: மருந்து என்றால் விட்டுவிடுகிறீர்கள், மரபணுவும் அடிபட்ட குழந்தைப் பருவமும் என்றால் ஏன் விடவில்லை? அவையும் அவர் தேர்ந்தெடுத்தவை இல்லையே? நியாயமான கேள்வி. என் பதில் இது: முக்கியம், காரணம் இருந்ததா என்பதல்ல, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்த ஆளிடம் விளைவை எண்ணிப் பார்க்கவும் கையைக் கட்டிக்கொள்ளவும் தேவையான திறன் மிச்சம் இருந்ததா என்பதே முக்கியம். சட்டங்களும் அரைகுறையாக இதைத்தான் அளக்கின்றன. 18 வயதுக்கு உட்பட்டபோது செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னபோது, பதின்பருவத்தினரின் முதிராத மனமும் அதில் ஒரு காரணம். இருந்தாலும் சபோல்ஸ்கி சொல்வதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன்: பழிவாங்கும் ஆசையால் கூட்டிப் போட்ட தண்டனைக்கு இந்த அறிவியலில் எந்த ஆதரவும் இல்லை.

போதைக்கு அடிமையானவருக்குச் சுதந்திரம் உண்டா?

தத்துவவாதி ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் 1971-இல் சொன்ன வேறுபாடு இங்கே கைகொடுக்கும். போதை வேண்டும் என்பது ஒரு ஆசை. அந்த ஆசை எனக்கு வேண்டாம் என்பது ஆசையைப் பற்றிய ஆசை. இரண்டும் எதிரெதிரே நிற்க, முதலாவது ஜெயித்துக்கொண்டே இருப்பதுதான் அந்த நோயாளியின் துன்பம்.

ஆனால் சூழல் மாறினால் கணக்கும் மாறும். வியட்நாம் போரில் அமெரிக்கப் படைவீரர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். லீ ராபின்ஸ் அவர்களைப் பின்தொடர்ந்தபோது, ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் அந்த ஐந்தில் ஒரு பங்கினரில் சுமார் 5 சதவீதம் மட்டுமே. ஸ்கின்னர் இதைக் கேட்டால் "சூழல்தான் எல்லாம், பார்த்தீர்களா" என்பார். பண்டூராவோ, சூழலை மாற்றிக்கொள்வதும் மனிதன் செய்யக்கூடிய காரியம்தானே என்பார்.

சுதந்திர விருப்பம் இல்லை என்று நம்பினால் மக்கள் கெட்டுப்போவார்களா?

2008-இல் வோஸும் ஸ்கூலரும் செய்த ஆய்வில், சுதந்திர விருப்பம் ஒரு மாயை என்ற பத்தியைப் படித்தவர்கள் கணக்குத் தேர்வில் கூடுதலாகக் காப்பியடித்தார்கள். செய்தித்தாள்கள் அதைத் தூக்கிக் கொண்டாடின. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு நிலைக்கவில்லை. ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 2022-ஆம் ஆண்டு அலசலின்படி, பத்தியைப் படித்தால் நம்பிக்கை கொஞ்சம் ஆடுகிறது, நடத்தை மாறுவதற்கு உருப்படியான சான்று இல்லை.

அப்படியானால் மன உறுதியை வளர்ப்பது எப்படி?

பல்லைக் கடித்துக்கொள்வதால் இல்லை. சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டுகிறார்கள் என்று நினைப்போம். கள ஆய்வுகளில் அவர்களுக்கு அந்த மல்லுக்கட்டே குறைவாகத்தான் வருகிறது. சோதனை வராத மாதிரி நாளை அமைத்துக்கொள்கிறார்கள்.

பீட்டர் கோல்விட்ஸரின் 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' உத்தியும் அந்த ரகம். "உடற்பயிற்சி செய்வேன்" என்று இல்லாமல், "பல் துலக்கியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடப்பேன்" என்று இடமும் நேரமும் சேர்த்துத் தீர்மானிப்பது. 94 சோதனைகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டு அலசலில் இது நன்றாகவே வேலை செய்தது. வேலை செய்யும் விதம்தான் ருசிகரமானது: அடுத்த நாள் காலையில் நீங்கள் முடிவெடுப்பதே இல்லை, பல் துலக்கியது உங்களைத் தள்ளிவிடுகிறது. முந்தின இரவில் யோசித்து, மறுநாளுக்கு நீங்களே வைத்துக்கொண்ட தூண்டுதல் அது. இதைச் சுதந்திரம் என்பதா, நிர்ணயம் என்பதா? இரண்டும் என்று சொல்லத் தடையென்ன?

மனச்சோர்வில் இருப்பவரிடம் "உன் கையில்தான் இருக்கிறது" என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். செலிக்மனும் மையரும் 1967-இல், தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பிறகு எளிதில் தப்பிக்க வழியிருந்தும் சும்மா படுத்துக்கிடப்பதைக் கண்டார்கள். உதவியின்மையை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். சுமார் ஐம்பது வருடம் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அவர்களே அதைத் தலைகீழாக மாற்றினார்கள்: நீடித்த துன்பத்தில் முடங்கிப்போவதுதான் இயல்பு, 'என்னால் மாற்ற முடியும்' என்பதைத்தான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்வது நடப்பது சின்னச் சின்ன வெற்றிகளால். நடத்தைவழிச் சிகிச்சையில், எழுந்து குளிப்பது மாதிரியான சிறிய வேலையிலிருந்து தொடங்கச் சொல்வதும் இதோடு பொருந்திப்போகிறது. வெறும் வாய்வார்த்தையாக "உன் கையில்" என்றால், அவர் காதில் விழுவது "உன் குற்றம்" என்பதுதான்.

நிர்ணயவாதம் பொய் என்றோ மெய் என்றோ சோதனையால் நிரூபிக்க முடியுமா?

முடியாது. ஒரு கணிப்பு தவறினால் நிர்ணயவாதி, "இன்னும் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது" என்பார். பலித்தால் மறுதரப்பு, "அவர் அப்படித் தேர்ந்தெடுத்தார்" என்பார். அதனால் ஆய்வுக்கூடங்களில் இது உண்மை என்று இல்லாமல், வேலைக்கு வசதியான ஒரு எடுகோளாகவே புழங்குகிறது.

மனிதர்களிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. கிரகணத்தை முன்கூட்டியே அறிவித்தால் கிரகணம் கோபித்துக்கொண்டு நேரத்தை மாற்றாது. ஒருவரிடம் "நீங்கள் இடது பொத்தானைத்தான் அழுத்துவீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள், வேண்டுமென்றே வலதை அழுத்துவார். அதற்கும் காரணம் உண்டுதான். அந்தக் காரணம், நீங்கள் இப்போது சொன்ன வாக்கியம்.